பின்பாரம்

பழுதான ஏர் சஸ்பென்ஷனைக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் சாதாரண காயில் ஸ்பிரிங்கைப் பொருத்திக்கொண்ட கார்க்காரர்களின் பேச்சில் ஒரு நிம்மதி இருக்கும். இனிக் காலையில் எழுந்து பார்த்தால் வண்டியின் பின்பக்கம் தரையோடு தரையாகக் குந்தியிருக்காது. சாவியைத் திருப்பியதும் கம்ப்ரசர் இரைந்துகொண்டே இருக்காது. டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியாது. செலவும், புதுப் பைகள், புதுக் கம்ப்ரசர் என்று போனால் ஆவதில் ஒரு பங்குதான். இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனாலும் அந்த நிம்மதியில் ஏதோ ஒன்று உறுத்துகிறது. கார் முன்பு செய்துகொண்டிருந்த ஒரு வேலையை இப்போது செய்வதில்லை. அதை யாரும் கவனித்ததாகவும் தெரியவில்லை. யாரும் கவனிக்கவில்லை என்பதையே, அது வேண்டாத வேலைதான் என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாமா?

இதை யோசிக்க லிங்கன் டவுன் கார் தோதான வண்டி. அமெரிக்க நகரங்களில் விமான நிலையத்துக்கும் ஓட்டலுக்கும் இடையே ஆட்களை ஏற்றி இறக்கியே பேர் வாங்கிய நீளமான செடான். கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்துச் செயின்ட் தாமஸில் இருந்த ஃபோர்டு ஆலை 2011-இல் மூடப்பட்டபோது அதன் கதையும் முடிந்தது. முன்னால் காயில் ஸ்பிரிங், பின் ஆக்சிலின் மேல் மட்டும் இரண்டு காற்றுப் பைகள் என்பதுதான் அதன் பிற்காலத்து ஏற்பாடு. ஏன் பின்னால் மட்டும்? எஞ்சினின் எடை என்றைக்கும் ஒன்றுதான்; முன்பக்கம் சுமப்பது பெரிதாக மாறுவதில்லை. மாறுவதெல்லாம் பின்னால். சுமார் 600 லிட்டர் கொள்ளும் டிக்கி, அது நிறையப் பெட்டிகள், பின் சீட்டில் மூன்று பேர். மாட்டு வண்டியில் பின்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மேலே தூக்கிக்கொள்ளும் என்று வண்டிக்காரர் மூட்டையை முன்னால் தள்ளிப் போடுவார். டவுன் காரில் மூட்டையை யாரும் நகர்த்த வேண்டியதில்லை, வண்டி தானே சரிசெய்துகொண்டது. ஆக்சிலுக்கும் உடலுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதை ஒரு சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கும். பயணிகள் ஏறிப் பின்பக்கம் அமிழ்ந்தால் பானட்டுக்குள் இருக்கும் சின்னக் கம்ப்ரசர் ஓடி, நைலான் குழாய் வழியாகப் பைகளுக்குக் காற்றை அனுப்பும். அவர்கள் இறங்கியதும் பின்பக்கம் எழும்பும்; வால்வு திறந்து, கூடுதல் காற்று ‘உஸ்’ என்று வெளியேறும். இந்த முழு உரையாடலிலும் டிரைவருக்குப் பங்கு கிடையாது. அவர் பார்ப்பதெல்லாம் கண்ணாடியில் பின்சாலை எப்போதும் ஒரே கோணத்தில் தெரிவதை மட்டுமே.

அதைப் பார்ப்பதாகக்கூட அவருக்குத் தெரியாது என்பதுதான் விஷயம்.

பை என்பது ரப்பர். உள்ளே நூலிழை கொடுத்து வலுவாக்கிய ரப்பர். அதன் கீழ்ப்பகுதி ஓர் உருளையின் மேல் உள்பக்கமாக மடிந்து உட்கார்ந்திருக்கும். சக்கரம் ஏறி இறங்க, அந்த மடிப்பு உருளையின் மேல் உருண்டு மேலும் கீழும் போய்வரும். வண்டியை ஒரே உயரத்தில் நிறுத்துவதுதான் இந்த அமைப்பின் வேலை. அந்த வேலையைச் சரியாகச் செய்வதாலேயே மடிப்பு பெரும்பாலும் ஒரே இடத்தில் விழுகிறது, விழுந்த இடத்திலேயே தேய்கிறது. சாலையின் மணலும் உப்பும் மடிப்புக்குள் புகுந்து அரைக்கும். பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய வண்டியில் அந்த வளையத்தை விரலால் விரித்துப் பார்த்தால் வறண்ட குளத்துச் சேற்றைப்போல வெடித்திருக்கும். வெடிப்புகளின் அடியில் நூலிழை வெளிறித் தெரியும். முதலில் வருவது பெரிய ஓட்டை அல்ல. சோப்புத் தண்ணீர் தெளித்தால் பொடிப்பொடியாக நுரை கட்டும், அவ்வளவுதான். அல்லது வால்வு உட்காரும் இடத்து ஓ-ரிங் இறுகிப் போயிருக்கும். வண்டி ஓடும்போது இதெல்லாம் தெரியாது, கம்ப்ரசர் ஈடுகட்டிவிடும். ராத்திரி நிறுத்திவைத்தால்தான் தெரியும். குளிர்காலத்தில் ரப்பர் விறைத்துக் கசிவு கூடும். எப்போதாவது சில விநாடி ஓடுவதற்கென்று செய்த கம்ப்ரசர், கசிவை ஈடுகட்ட ஓயாமல் ஓடிச் சூடேறும். ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் நிற்கவே நிற்காது. இப்படிக் கம்ப்ரசர் எரிந்து போகும். போன பிறகு கடைக்கு வருகிறவர், “கம்ப்ரசர் போயிடுச்சு” என்பார். அது கடைசியில் செத்தது; முதலில் நோய்ப்பட்டது மடிப்பு.

மாற்றும் வேலை சுருக்கமானது. டவுன் காரின் டிக்கிக்குள் ஏர் சஸ்பென்ஷனுக்கு ஒரு சுவிட்ச் உண்டு. ஜாக்கி போடுவதற்கு முன் அதை அணைத்தாக வேண்டும், இல்லையென்றால் வண்டி தூக்கப்படுவதைச் சென்சார் தப்பாகப் புரிந்துகொண்டு காற்றை வெளியே விட்டுவிடும். உடலைத் தூக்கி, ஆக்சிலைத் தொங்கவிட்டு, பையின் தலையில் செருகியிருக்கும் வால்வைக் கால் சுற்றுத் திருகினால் மிச்சக் காற்று சீறிக்கொண்டு போகும். பழைய ரப்பரின் புளித்த வாடை அடிக்கும். வால்வை முழுதாக எடுத்து, கிளிப்பை நெம்பி விட்டால் பை கையோடு வந்துவிடும். அதன் இடத்தில் காயில் ஸ்பிரிங், மேலும் கீழும் ரப்பர் வளையம். இவ்வளவு எளிதாக முடிவதற்குக் காரணம், இந்தக் காரின் எலும்புக்கூட்டையே பங்குபோட்டுக்கொண்ட ஃபோர்டு கிரவுன் விக்டோரியா. அமெரிக்கப் போலீஸ் பல ஆண்டுகள் ஓட்டித் தேய்த்த அந்த வண்டிக்குப் பின்னால் எஃகுச் சுருள்தான். பை உட்கார்ந்த இடம் சுருளுக்குப் புதிதல்ல. காலையில் விட்ட வண்டியை மதியம் எடுத்துக்கொண்டு போகலாம்.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம் இருக்கும். பைகள் போய்விட்டன என்பது வண்டியின் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அது தன் கடமைப்படி உயரத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கும், பதில் வராமல் ஏர் சஸ்பென்ஷனைக் கவனி என்று விளக்கை எரியவிடும். இதற்காகக் காயிலுக்கு மாற்ற விற்கும் சில கிட்டுகளோடு ஒரு சின்ன எலெக்ட்ரானிக் பெட்டியும் வருகிறது. அதன் வேலை, கம்ப்யூட்டர் கேட்கும்போதெல்லாம் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று சொல்வது. உயரம் சரி, காற்று சரி, பை சரி. வண்டியின் பின்பக்கம் நிஜமாக எங்கே இருக்கிறது என்பதற்கும் அந்தப் பதிலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஐந்து பேரை ஏற்றிப் பின்பக்கம் அமிழ்ந்து, ஹெட்லைட் எதிரே வருகிறவன் கண்ணில் அடித்தாலும் பதில் அதேதான். விளக்கு எரிவது எரிச்சல் என்பது உண்மை. அந்த வண்டியை வேறொருவருக்கு விற்கும்போது எரியும் விளக்கு விலையைக் குறைக்கும் என்பதும் உண்மை. ஆனால் ஒரு கேள்வியை நிறுத்த இரண்டு வழி உண்டு: கேட்பவரிடம் நடந்ததைச் சொல்வது ஒன்று, அவர் கேட்பதையெல்லாம் தலையாட்டி முடிப்பது இன்னொன்று. லேண்ட் ரோவர் டிஸ்கவரியின் இரண்டாம் தலைமுறையில் முதல் வழி இருக்கிறது. அதில் பின்பக்க உயரத்தையும் ஆன்டி-லாக் பிரேக்கையும் ஒரே கட்டுப்பாட்டுப் பெட்டி கவனிக்கிறது. அதற்கேற்ற டயக்னாஸ்டிக் கருவியைச் செருகி, இந்த வண்டியில் ஏர் சஸ்பென்ஷன் இல்லை என்று அந்தப் பெட்டிக்குள்ளேயே மாற்றி எழுதிவிடலாம். அதன்பின் பெட்டி கேட்பதை நிறுத்திக்கொள்ளும். விளைவு இரண்டிலும் ஒன்றுதான்: விளக்கு அணைகிறது. ஆனாலும் பின்னால் அந்த வண்டியைத் திறந்து பார்க்கப்போகும் மெக்கானிக்குக்கு இரண்டும் ஒன்றல்ல.

இந்த டிஸ்கவரியிடம் இன்னொரு கதையும் உண்டு. 1998 முதல் 2004 வரை தயாரான அந்த வண்டியில் ஐந்து சீட் வகை வாங்கினால் பின்னால் காயில் ஸ்பிரிங், ஏழு சீட் வகை வாங்கினால் காற்றுப் பை என்பதே பொதுவான ஏற்பாடு. மூன்றாம் வரிசையின் இரண்டு சீட்டுகளும் பின் ஆக்சிலுக்கும் பின்னால் வருகின்றன. அங்கே இரண்டு பேர் உட்கார்ந்தால் அது வெறும் இரண்டு பேரின் எடை அல்ல; நெம்புகோலின் நுனியில் வைத்த எடை. ஆகவே, ஆலையிலேயே ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்கள்: இந்த வண்டிக்கு அடிக்கடி பாரம் மாறாது, எஃகு போதும், இந்த வண்டிக்கு மாறும், காற்று வேண்டும். ஏழு சீட் வண்டியை வாங்கி, இருபது வருஷம் கழித்துக் காயிலுக்கு மாற்றுகிறவர் ஆலை போட்ட அந்தக் கணக்கை ரத்து செய்கிறார். அவருக்கு அதற்கு உரிமை உண்டு. பிள்ளைகள் வளர்ந்து போயிருப்பார்கள், பின்சீட்டுகள் பக்கவாட்டில் மடங்கியபடியே கிடக்கும், பின்னால் ஏறுவது ஒரு நாய் மட்டும். ஆனால் கிட் விற்கிறவர் அதையெல்லாம் கேட்பதில்லை. வண்டி எந்த வருஷம், எந்த மாடல் என்று மட்டும் கேட்பார்.

கணக்கைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்பது நல்லது. இல்லாவிட்டால் இது வெறும் பழைய சொகுசின் மேல் உள்ள மோகம் என்று ஆகிவிடும். ஸ்பிரிங் எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்பதை, அதன் மேல் இருக்கும் உடல் நொடிக்கு எத்தனை தடவை ஆடுகிறது என்பதை வைத்துச் சொல்வார்கள். சொகுசான கார் என்றால் நொடிக்கு ஒரு தடவை, அல்லது அதற்குச் சற்று மேலே. ஆக்சிலின் மேல் நேராக உட்காரும் எஃகுச் சுருள் நொடிக்கு ஓர் ஆட்டம் தர வேண்டுமானால், தன் மேலுள்ள பாரத்தால் அது ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் அமுங்கியிருக்க வேண்டும். புவியீர்ப்பை வைத்து யாரும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. பின்பக்கப் பாரம் 40 சதவீதம் கூடினால் அதே சுருள் இன்னும் 10 சென்டிமீட்டர் இறங்கும். பத்து சென்டிமீட்டர் இறங்கிய கார் பள்ளத்தில் விழுந்தால் ஆக்சில் மேலே வந்து இடிக்கும், மூக்கு வானத்தைப் பார்க்கும். இறக்கத்தை 5 சென்டிமீட்டராகப் பாதியாக்க வேண்டுமா, சுருளின் விறைப்பை இரண்டு மடங்காக்க வேண்டும். அப்போது காலி வண்டி நொடிக்கு 1.4 தடவை ஆடும். காதுக்குச் சின்ன எண்தான். முதுகுக்கு அப்படியில்லை. எஃகோடு பேரம் பேசினால் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோதான் போய் நிற்க வேண்டும்: மெத்தென்று இருந்து சுமையில் தொங்குவதா, சுமையில் நிமிர்ந்து நின்று காலியாகப் போகும்போது குலுக்குவதா. காற்றுப் பைக்கு இந்தப் பேரம் இல்லை. பாரம் கூடினால் அதே உயரத்தில் தாங்கப் பைக்குள் அழுத்தம் கூட வேண்டும்; அழுத்தம் கூடினால் பையின் விறைப்பும் கூடவே ஏறும். காலியாக இருந்தாலும் நிறைந்திருந்தாலும் வண்டி ஏறக்குறைய ஒரே தாளத்தில் ஆடும். சுருள் என்பது பாரம் இவ்வளவுதான் என்று ஆலையிலோ பட்டறையிலோ ஒரு தடவை எடுத்து, எஃகில் உறைய வைத்த முடிவு. பை அந்த முடிவை ஒவ்வொரு தடவை கதவு சாத்தும்போதும் புதிதாக எடுக்கிறது. புதிதாக எடுப்பதற்கு விலையாகத்தான் கம்ப்ரசர், வால்வு, சென்சார், ரிலே, தேய்கிற மடிப்பு.

வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டு ஸ்பிரிங்குக்கும் பின்னால் ஒரே ஆள் நிற்கிறார். ராபர்ட் பாயில் 1660-இல் காற்றின் ஸ்பிரிங் குணத்தைப் பற்றிய சோதனைகளைப் புத்தகமாக வெளியிட்டபோது, அந்தச் சோதனைகளுக்கான காற்றுப் பம்பைச் செய்துகொடுத்தவர் அவரிடம் உதவியாளராக இருந்த ராபர்ட் ஹூக். அதே ஹூக் 1678-இல், இழுக்கும் விசை எவ்வளவோ அவ்வளவே ஸ்பிரிங்கின் நீட்சியும் என்ற விதியை வெளியிட்டார். இன்றைய பட்டறையில் ஒரு கையில் கிழிந்த பையும் மறு கையில் புதுச் சுருளுமாக நிற்கிறவர் அவருடைய இரண்டு வேலைகளையும் ஏந்திக்கொண்டு நிற்கிறார்.

காரில் இந்தச் சண்டை புதிதல்ல. 1957-இல் காடிலாக் எல்டொராடோ புரோம் என்ற கார் வந்தது. விலை 13,074 டாலர். அன்றைய அமெரிக்காவில் அது வீட்டு விலை. கூரை துருப்பிடிக்காத எஃகு, நான்கு சக்கரத்துக்கும் காற்று. 1957-இல் 400, அடுத்த ஆண்டு 304 என்ற அளவில்தான் தயாரானது. காற்று கசிந்தது. சொந்தக்காரர்கள் பலர் காற்றைக் கழற்றிவிட்டுக் காயிலுக்கு மாறினார்கள். 1958-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் மற்றப் பிராண்டுகளிலும் ஏர் சஸ்பென்ஷனைக் கூடுதல் விலைக்குக் கொடுத்துப் பார்த்தது. ஷெவர்லேயில் ஒரு பெயர், பியூக்கில் ஒரு பெயர், போன்டியாக்கில் ஒரு பெயர். கொஞ்ச காலத்துக்குள் பெரும்பாலும் எல்லாம் கைவிடப்பட்டது. சென்சாரும் கம்ப்யூட்டரும் வந்தபின், 1984-இன் லிங்கன் மார்க் செவன் அமெரிக்கக் காருக்குக் காற்றைத் திரும்பக் கொண்டுவந்தது. இன்றைக்கு அந்தப் பழைய புரோமை மீட்டெடுக்கிறவர்களில் சிலர், யாரோ ஒருவர் நிம்மதியோடு எடுத்து எறிந்த பைகளைத் தேடிப் பிடித்துத் திரும்ப மாட்டுகிறார்கள். கார் காட்சிப் பொருளாகிவிட்டதால் இனி அதற்குப் பாரம் என்று ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

யார் அனுபவிக்கிறார், யார் கழற்றுகிறார் என்பதில்தான் கசப்பு. முதல் சொந்தக்காரர் புது வண்டியாக வாங்கி ஐந்தாறு வருஷம் ஓட்டுவார். அவர் காலத்தில் பை கிழியாது. அவருக்குக் கிடைப்பது தாளம் தப்பாத ஆட்டம் மட்டும். இரண்டாமவர் காலத்தில் விளக்கு எப்போதாவது எரிந்து அணையும். மூன்றாமவர் வண்டியை வாங்கும் விலையும் ஏர் சஸ்பென்ஷனை முழுதாகச் சரிசெய்யும் செலவும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். அந்த இடத்தில் நின்று பார்க்கிறவரிடம் போய், நீங்கள் பின்பக்கச் சமநிலையை இழக்கிறீர்கள் என்று சொல்வது மரியாதையாக இருக்காது. அவருக்கு முன்னால் இருப்பது காற்றா எஃகா என்ற கேள்வியே அல்ல. எஃகா, ஸ்கிராப்பா என்பதுதான். எத்தனையோ டவுன் கார்களையும் டிஸ்கவரிகளையும் இன்னும் சாலையில் வைத்திருப்பது அந்தக் காயில் கிட்டுகள்தான். முதல் பத்தியில் சொன்ன உறுத்தல் இங்கே வந்து கொஞ்சம் தடுமாறுகிறது. உறுத்த வேண்டியது மாற்றியவருக்கா, அல்லது பத்துப் பதினைந்து வருஷத்தில் போகும் ஒரு ரப்பர் மடிப்பை நம்பி முப்பது வருஷம் ஓடக்கூடிய உடலைச் செய்தவருக்கா?

எஃகும் ஒன்றும் சாகாவரம் வாங்கி வந்ததல்ல. பனிக்குச் சாலையில் உப்புத் தூவும் பிரிட்டன் மாதிரி ஊர்களில் காயில் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று துருவேறி முறிவது அன்றாடச் செய்தி. முறிந்தாலும் வண்டி பெரும்பாலும் ஓடும். ‘டக்’ என்று ஒரு சத்தம், ஒரு பக்கம் ஒரு விரற்கடை இறக்கம், அவ்வளவே. பலர் வருஷாந்திரச் சோதனையில்தான் அதைத் தெரிந்துகொள்கிறார்கள். எஃகு பழுதாவது அடக்கமாக இருக்கிறது, காற்று பழுதாவது ஆர்ப்பாட்டமாக இருக்கிறது. நம்பகம் என்று சொல்லப்படுவதில் ஒரு பங்கு இந்த அடக்கத்துக்குக் கிடைக்கும் மதிப்புதானோ என்று சந்தேகம் வருகிறது.

பஸ்ஸைப் பார்த்தால் சந்தேகம் இன்னும் சிக்கலாகிறது. ஜெனரல் மோட்டார்ஸின் நகரப் பஸ்களில் 1953-இலேயே ஃபயர்ஸ்டோனின் காற்றுப் பைகள் வந்துவிட்டன. அடுத்த ஆண்டு கிரேஹவுண்ட் பஸ் நிறுவனத்தின் இரு மட்டத் தளமுள்ள சீனிக்ரூசரும் காற்றில்தான் ஓடியது. காரில் ஓரிரு ஆண்டில் தோற்ற அதே யோசனை பஸ்ஸில் நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டில் ராத்திரி ஓடும் ஆம்னிகளை ‘ஏர் பஸ்’ என்று ஜனங்கள் பேர் சொல்லிக் கேட்டு டிக்கெட் எடுத்தது இதனால்தான். லீஃப் ஸ்பிரிங் வண்டியின் கடைசி சீட்டில் விடிய விடிய உட்கார்ந்து வந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பஸ்ஸில் பை கிழிந்தால் பொதுவாகப் புதுப் பைதான் மாட்டுகிறார்கள், யாரும் சுருளைத் தேடுவதில்லை. காரணம் ஒன்று பாரம்: நாற்பது பேர் என்றால் இரண்டரை டன்னுக்கு மேல், அதுவும் தினமும் ஏறி இறங்கும் இரண்டரை டன். இன்னொரு காரணம் அவ்வளவாகக் கண்ணில் படாதது. பஸ்ஸுக்குப் பிரேக்கே காற்றில்தான் இயங்குகிறது. எஞ்சினே ஓட்டும் பெரிய கம்ப்ரசர் ஏற்கெனவே இருக்கிறது, காற்று டாங்குகள் இருக்கின்றன, கசிவைக் கவனிக்கும் பழக்கம் இருக்கிறது. உயரத்தைப் பார்க்கக் கம்ப்யூட்டர்கூட வேண்டியதில்லை. ஆக்சிலோடு ஒரு கம்பியால் பிணைத்த வால்வு போதும், கம்பி மேலே போனால் காற்று உள்ளே, கீழே வந்தால் வெளியே. காரிலோ பின்பக்கத்தைத் தூக்குவதற்கென்றே ஒரு குட்டிக் கம்ப்ரசர், அதற்கென்றே ஒரு கம்ப்யூட்டர். அது நின்றாலும் கார் ஓடும். ஓடத்தான் செய்கிறது. நின்றாலும் ஓடும் என்ற அந்த வசதிதான் அதைக் கைவிடுவதை இவ்வளவு சுலபமாக்குகிறது.

நடுவழி இருந்ததும் உண்டு. 1970-இன் முதல் ரேஞ்ச் ரோவரில் பின்னால் மெத்தென்ற காயில் ஸ்பிரிங்குகளைக் கொடுத்து, ஆக்சிலின் நடுவில் போகே நிறுவனத்தின் தானியங்கிச் சமன் குழல் ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். அதற்கு மின்சாரம் கிடையாது, கம்ப்ரசர் கிடையாது. பாரம் ஏற்றி வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டினால் சாலையின் குலுக்கலே அதைப் பம்பு அடித்துப் பின்பக்கத்தை நிமிர்த்திவிடும். சாலை மோசமாக இருந்தால் சீக்கிரம் நிமிரும். சஸ்பென்ஷன் யோசனைகளில் இவ்வளவு சிக்கனமானது வேறொன்று உண்டா என்று தெரியவில்லை. அந்தக் குழல் செத்தபோதும் அதன் இடத்தில் புதுசை மாட்டாமல், கடினமான காயில்களைப் போட்டு முடித்துக்கொண்டவர்கள் இருந்தார்கள்.

இதற்கு நேர் எதிரான வியாபாரமும் நடக்கிறது. காற்றிலிருந்து எஃகுக்கு மாறுகிறவர்கள் ஒரு பக்கம் என்றால், எஃகுச் சுருளோடு பிறந்த வண்டிக்குள் காற்றைச் செருகுகிறவர்கள் மறுபக்கம். மிச்சிகனில் 1949 முதல் இயங்கும் ஏர் லிஃப்ட் நிறுவனம் காயில் ஸ்பிரிங்கின் உள்ளே நுழைக்கும் உருளைப் பைகளைச் செய்கிறது. படகோ காரவானோ இழுக்கிறவர்கள் வாங்குகிறார்கள். ஏர் சஸ்பென்ஷனைக் கழற்றிக் காயில் போட்டவர்களில் சிலரும், முதல் நீண்ட பயணத்தில் பின்பக்கம் தொங்குவதைப் பார்த்துவிட்டு, இந்தப் பைகளிடம் வந்து சேருகிறார்கள். சென்சார் இல்லை, கம்ப்ரசர் இல்லை. டயரில் இருப்பது போன்ற ஒரு வால்வு பம்பருக்குக் கீழே எட்டிப் பார்க்கும். காரவானை மாட்டுவதற்கு முன் பெட்ரோல் பங்கிலோ சைக்கிள் பம்பிலோ காற்று அடிக்க வேண்டும், கழற்றிய பின் இறக்க வேண்டும். எவ்வளவு அடிப்பது என்பதை வண்டிக்குப் பின்னால் நாலடி தள்ளி நின்று கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் செய்துவந்த வேலை இப்போது டிரைவரின் முழங்காலுக்கும் ஞாபகத்துக்கும் வந்துவிட்டது. இறக்க மறந்தால் திரும்பி வரும் வழியெல்லாம் காலி வண்டி குதிக்கும். இவ்வகைப் பைகளில் பரவலாக விற்கும் ஒன்றுக்கு மேல் வரம்பு 35 பிஎஸ்ஐ. கீழ் வரம்பு 5. டிக்கியில் ஒன்றுமே இல்லாமல் ஓட்டினாலும் அதற்குக் கீழே இறக்கக் கூடாது, இறக்கினால் பை சுருளின் சுற்றுகளுக்கு நடுவில் அகப்பட்டுக் கிழிந்துவிடும்.